மேடையில் ஒலித்த மன்றாட்டு

இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், எமக்காகப் பரிந்துபேசும்படி அன்னை மரியாளையும் புனிதர்களையும் வேண்டுவதும் எமது இல்லங்களில் இயல்பான காரியங்கள். இவற்றை அரச திருச்சபை விலக்கிவிட்ட ஒரு நாட்டில் வாழ்ந்தவரே நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்ட் நகர ஆலயத்தில் 1564 ஏப்ரல் 26ஆம் திகதி அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டு நகரக் கணக்குகளுக்குப் பொறுப்பாயிருந்தவர்களுள் அவருடைய தந்தை ஜோனும் ஒருவர். சிற்றாலயத்தின் பழைய திருவோவியங்களை அழித்ததற்கான கூலியும் அக்கணக்கில் உண்டு. பிற்காலத்தில் லண்டன் சென்று புகழீட்டிய ஷேக்ஸ்பியர், 1596 ஆகஸ்டில் தமது ஒரே மகன் ஹம்னெற்றை இழந்தார். சிறுவனுக்கு வயது 11. உத்தரிக்கும் ஸ்தலம் என ஒன்றில்லை என்று போதிக்கப்பட்ட நாட்டில், அத்தந்தை மகனுக்காக எவ்வாறு வேண்டியிருப்பார்?

சில ஆண்டுகளின் பின் அவர் எழுதிய ‘ஹம்லெட்’ நாடகத்தில், தேவதிரவிய அனுமானங்களின்றி மாண்ட மன்னனின் ஆவி, பாவங்கள் எரிந்து தீரும்வரை வேதனையுறுவதாக மகனிடம் முறையிடுகிறது. ஆனால், கவனியுங்கள்: அது கேட்பது செபத்தையன்று, பழிவாங்குதலை!

1604இல் அரண்மனையில் நடிக்கப்பெற்ற ‘மெஷர் போர் மெஷர்’ நாடகமோ வேறு திசையில் செல்கிறது. கிளாரா சபையில் சேரவிருந்த இசபெல்லா, மரணதண்டனை பெற்ற தன் சகோதரனுக்காக அதிகாரி ஆஞ்சலோவிடம் மன்றாடுகிறாள். அவனோ அவளது கற்பையே விலையாகக் கேட்கிறான்; பின்னர் சகோதரனைக் கொல்லவும் கட்டளையிடுகிறான். இறுதியில் ஆஞ்சலோவுக்கு மரணத்தீர்ப்பு வருகையில், அவனுக்காகவும் அவள் முழந்தாளிடுகிறாள். சகோதரன் இரகசியமாகக் காப்பாற்றப்பட்டதை அவள் அப்போது அறியாள். அவர் எழுதிய காட்சிகளுள் இதற்கு நிகரானவை சிலவே.

ஷேக்ஸ்பியர் மறைவாகக் கத்தோலிக்கராகவே வாழ்ந்தார் எனச் சிலர் எழுதுவர். அதை நிறுவப் போதிய சான்றில்லை. நாம் அவசரப்பட்டு உரிமை கொண்டாட வேண்டியதுமில்லை.

1606இல், மேடையில் இறைவனின் திருப்பெயரை விளையாட்டாக உச்சரிப்போருக்கு 10 பவுண் தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது. 1611இல் அரசவையில் நடிக்கப்பெற்ற ‘ரெம்பெஸ்ற்’ நாடகத்தின் முடிவில், மந்திர வல்லமையைத் துறந்த முதியவர் புரொஸ்பெரோ தனியே நின்று, தம்மை விடுவிக்கும்படி சபையோரின் செபத்தை யாசிக்கிறார். அவர் கடைசியாகக் கேட்கும் தயவுக்கு ஆசிரியர் தேர்ந்தெடுத்தது, பாவத் தண்டனை நீங்கத் திருச்சபை வழங்கும் பலனைக் குறித்த அதே ஆங்கிலச் சொல்லையே.

1616 ஏப்ரலில், ஞானஸ்நானம் பெற்ற அதே ஆலயத்தில் ஷேக்ஸ்பியர் அடக்கம் செய்யப்பட்டார்.