விபுலானந்த அடிகளாரும் மாணவர் உறவும்

ஈழநாட்டிற் பிறந்து தமிழுக்கு உழைத்த சான்றோருள் சுவாமி விபுலானந்தர் தலைசிறந்தவர். அவர்தம் நூற்புலமையைப் பலரும் போற்றுவர். அவர் மாணவரோடு கொண்ட உறவை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் காரைதீவிலே பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, பின்னர் மானிப்பாய் இந்துக்கல்லூரி அதிபராயினார். விஞ்ஞானமும் தமிழும் ஒருவரிடத்தே ஒருங்கு நின்றமையால், எத்துறை மாணவரும் அவரைத் தம்மவரென அணுகுதற்கு வழியிருந்தது.

உயர்பதவி கைகூடிய காலத்தே அதனை விடுத்து, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். ஈழம் மீண்டு, மிஷன் பாடசாலைகளைப் பேணிவந்த அவர், 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆதரவற்ற சிறுவர்க்கு மாணவர் இல்லம் அமைத்து, உணவும் உறையுளும் கல்வியும் ஒருங்கே அளித்தார். வீடில்லாப் பிள்ளைக்குக் கல்லூரியே வீடாயிற்று.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. பாரதியார் பாடல்களைப் புலவருலகம் பெரிதும் மதியாத அந்நாளில், மாணவர் கூடி அவற்றைப் பயிலுதற்கு அடிகளார் கழகம் அமைத்து ஊக்கினார். திருவேட்களத்திலே தங்கி, அயலிலிருந்த தாழ்த்தப்பட்ட மக்களிடஞ் சென்று எழுத்தறிவித்தார். பல்கலைக்கழக வேலியோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடுமென அவர் கருதினாரல்லர்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அப்பெருநூலுக்கு முன்னுரை வரைந்தவர் அண்ணாமலையில் அவரிடம் பயின்ற க. வெள்ளைவாரணனார். ஆசிரியர் தம் வாழ்நாள் உழைப்பின் வாயிலில் மாணவரை நிறுத்திய இச்செயலினும் சிறந்த நன்மதிப்பு மாணவர்க்கு வேறு யாதுளது? அடுத்த மாதம், யூலை 19ஆம் நாள், அடிகளார் இறைவனடி சேர்ந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவர் திருவுடல் துயில்கின்றது.

இந்நாளிற் பாடத்துறைகள் பெருகியுள்ளன, பரீட்சைகளும் பெருகியுள்ளன. மணியடித்ததும் ஆசிரியர் ஒருபுறமும் மாணவர் ஒருபுறமும் பிரிந்து செல்வரேல், கட்டடம் நிலைக்கும், கல்லூரி நிலைக்குமோ? ஈராண்டே பயின்ற இடமாயினும் தன் பெயரறிந்து, நலம் வினவி, பொறுப்பளித்த ஆசிரியர் ஒருவர் இருந்தாராயின், மாணவன் அதனைத் தன் கல்லூரியென்றே வாழ்நாளெல்லாம் சொல்லுவான். பழைய மாணவர் பலர் இவ்விழாவுக்குத் தொலைவிலிருந்து வருதற்குக் காரணமும் அதுவே.

ஆசிரியர் முன்சென்று அழைப்பாராக. மாணவர் அச்சமின்றி அணுகுவாராக. பழைய மாணவர் இருசாராரையும் தாங்குவாராக. அடிகளார் காட்டிய நெறி நம் கல்லூரியில் என்றும் தழைப்பதாக.