பீரங்கித் தரகர் பாஸில் ஜஹரோப்

வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் சான்றோர்களையே தேடிச் செல்வர். நம் சங்க மலரிலும் அறிஞர், கவிஞர், தியாகி, விஞ்ஞானி என்று பலருடைய வரலாறு வந்திருக்கிறது. நான் எடுத்துக்கொண்டவர் அந்த வரிசையில் சேரமாட்டார். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்த நாட்டையும் ஆளவில்லை. எந்தப் போர்க்களத்திலும் நின்று சுடவில்லை. பிறர் செய்த துப்பாக்கிகளைப் பிறருக்கு விற்றார், அவ்வளவே. ஆயினும் பிரதம மந்திரிகள் அவருடைய நண்பர்களாக இருந்தனர். பிரிட்டனும் பிரான்சும் அவருக்குப் பட்டம் சூட்டின. பத்திரிகைகள் மட்டும் அவரை மரண வியாபாரி என்று அழைத்தன. அவரே பாஸில் ஜஹரோப்.

அவரைப் பற்றி வழங்கும் கட்டுக்கதைகளுக்குக் கணக்கில்லை. ஆகவே உறுதியானவற்றை உறுதியாகவும், கதையாக வழங்குவதைக் கதை என்றுமே சொல்லிச் செல்கிறேன்.

துருக்கிப் பேரரசைச் சேர்ந்த முக்லா என்னும் சிற்றூரில் 1849-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் மூண்ட பழைய கலவரங்களில் அக்குடும்பம் ருஷியாவின் ஒடெஸ்ஸா நகருக்கு ஓடிச் சில காலம் பிழைத்தது. பெயரில் ருஷிய வாடை ஏறியது அங்கேதான். பின்னர் கான்ஸ்டான்டிநோபிளில் ஏழைக் கிரேக்கர் வாழ்ந்த ததாவ்லா என்னும் பகுதியில் சிறுவன் வளர்ந்தான். பல நாட்டுப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டிக் காசு வாங்குவது முதல் தொழில். பல மொழிகளும், முகம் பார்த்து மனம் அறியும் வித்தையும் அத்தெருக்களில் கற்றவை. பிற்காலத்தில் அவர் போட்ட முதலெல்லாம் இவ்விரண்டுதான்.

இளைஞரானதும் லண்டனுக்குச் சென்றார். அங்கே 1873-இல் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். கான்ஸ்டான்டிநோபிள் வணிகர் ஒருவருக்குச் சொந்தமான பிசின் பெட்டிகளையும் மாசிக்காய் மூட்டைகளையும் தமதாக்கிக்கொண்டார் என்பது வழக்கு. ஈடு செய்வதாக ஒப்புக்கொண்டு, பிணை எழுதிக் கொடுத்து வெளியே வந்து, இங்கிலாந்தை விட்டே அகன்றார். வாசகர்கள் இந்த மாசிக்காய் வழக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏதென்ஸ் நகரில் ஸ்கூலூதிஸ் என்ற செல்வாக்குள்ளவரின் நட்புக் கிடைத்தது. அவருடைய சிபாரிசினால் 1877-இல் ஸ்வீடன் நாட்டு ஆயுதக் கம்பெனி முதலாளியான நார்டன்பெல்டின் பால்கன் பிரதேசத் தரகராக ஜஹரோப் அமர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு ஐந்து பவுன். அதே ஆண்டில்தான் ருஷியாவும் துருக்கியும் போரில் இறங்கின. பால்கன் நாடுகள் ஒன்றையொன்று அஞ்சி நடுங்கிய காலம் அது. அந்த அச்சமே அவருடைய கடைச்சரக்கு ஆயிற்று.

அவர் வியாபாரம் செய்த முறைக்கு நீர்மூழ்கிக் கப்பலின் கதை ஒன்றே போதும். நார்டன்பெல்டு நீராவியால் ஓடும் ஒரு நீர்மூழ்கியைச் செய்து வைத்திருந்தார். உள்ளே கொதிகலனின் வெப்பம் தாங்க முடியாது. நீருக்குள் இறங்கினால் கொதிகலனின் தண்ணீர் முன்னும் பின்னும் புரண்டு கப்பல் துலாக்கோல்போல் ஆடும். பெரிய கடற்படைகள் எதுவும் அதை விரும்பவில்லை. ஜஹரோப் அதைச் சிறிய நாடான கிரீசுக்கு 1886-இல் விற்றார். கிரேக்கனிடம் நீர்மூழ்கி இருக்கிறது என்ற செய்தி துருக்கிக்கு எட்டாமல் இருக்குமா? துருக்கி இரண்டு வாங்கியது. கருங்கடலில் துருக்கி பலம் பெறுகிறது என்றால் ருஷியா சும்மா இருக்குமா? ருஷியாவுக்கென்று கட்டப்பட்ட கப்பல் 1888-இல் டென்மார்க் கரையோரம் தரை தட்டிப் போயிற்று. ருஷியா அதை ஏற்க மறுத்துவிட்டது. இக்கப்பல்களில் ஒன்றுகூடப் போரில் பயன்படவில்லை. ஆனால் ஒருவன் வாங்கியதைக் காட்டி அடுத்தவனுக்கு இரண்டு விற்கலாம் என்ற பாடம் நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் லண்டனில் ஹைரம் மாக்சிம் என்ற அமெரிக்கர், ஒரே குழாயில் தானாகவே குண்டு ஏற்றிச் சுடும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். கையால் நெம்புகோலை முன்னும் பின்னும் இழுத்துச் சுட வேண்டிய நார்டன்பெல்டு துப்பாக்கி அதற்கு முன் நிற்க முடியவில்லை. வியன்னாவில் மாக்சிம் தம் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டியபோது, வெளியே நின்ற பத்திரிகைக்காரர்களிடம் அது நார்டன்பெல்டின் துப்பாக்கி என்று ஜஹரோப் சொல்லிவிட்டார் என ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், 1888-இல் இரு கம்பெனிகளும் ஒன்றாயின. வெல்ல முடியாத எதிரியோடு கூட்டுச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது பாடம்.

சட்டம் பயிலும் நண்பர்களுக்கு நார்டன்பெல்டு என்ற பெயர் புதிதாக இராது. தொழிலை விற்ற பிறகு 25 ஆண்டுகள் அதே தொழிலில் இறங்குவதில்லை என்று அவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து, பின்னர் மீறினார். உலகம் முழுவதற்கும் பொருந்தும் அத்தடை செல்லும் என்று 1894-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பீரங்கி வாங்குவோர் அரசுகளே. அரசுகளோ உலகெங்கும் இருக்கின்றன. ஆகவே தடையும் உலகளாவியதாக இருப்பது நியாயமே என்பது அதன் சாரம். இவ்வழக்கை நாம் ஒப்பந்தச் சட்டத்தின் ஒரு நுணுக்கமாகவே படித்து மதிப்பெண் வாங்குகிறோம். அந்தக் கம்பெனியின் சரக்கு எங்கே போய் என்ன செய்தது என்று பாடத்தில் யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். 1898-இல் சூடானிலுள்ள ஓம்துர்மானில் ஒரே நாளில் 10,000-க்கும் மேற்பட்ட சூடானியர் மாண்டனர். பிரிட்டிஷ், எகிப்தியப் படையில் இறந்தவர் ஐம்பதுக்கும் குறைவு. அங்கு முழங்கியவற்றுள் மாக்சிம் துப்பாக்கியும் ஒன்று. 1904-இல் இந்தியாவிலிருந்து திபெத்துக்குச் சென்ற படை, குரு என்னுமிடத்தில் பழைய வாளும் திரித் துப்பாக்கியும் ஏந்தியவர்கள்மீது அதைத் திருப்பியது. தென் ஆப்பிரிக்காவிலோ கதை தலைகீழ். போயர்கள் அதே கம்பெனியின் சிறு பீரங்கிகளை வாங்கி வைத்திருந்து, 1899-இல் பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சுட்டனர். யாருடைய கையில் இருக்கிறோம் என்று பீரங்கிக்குத் தெரியாது, விற்றவருக்குத் தெரியும்.

1897-இல் விக்கர்ஸ் என்னும் பெரும் ஆங்கிலக் கம்பெனி இந்நிறுவனத்தை வாங்கியது. ஜஹரோபும் கூடவே சென்றார். இப்போது அவர் பையில் துப்பாக்கி மட்டுமல்ல, போர்க்கப்பலும் இருந்தது. 1905-இல் ருஷியக் கடற்படையை அழித்த ஜப்பானியரின் தலைமைக் கப்பல் மிகாசா, விக்கர்ஸ் கம்பெனியின் பாரோ துறையில் கட்டியது. தோற்ற ருஷியா புதுக் கப்பலுக்கு எங்கே போயிற்று? அதே பாரோவுக்குத்தான். ரூரிக் என்ற கப்பல் அங்கே 1906-இல் மிதக்க விடப்பட்டது. ஜப்பானியருக்காக அத்துறையில் கட்டிய கொங்கோ என்ற போர்க்கப்பலுக்காக ஜப்பானிய கடற்படை அதிகாரி ஒருவருக்கு லஞ்சம் போயிருந்தது 1914-இல் வெளிவந்து, ஜப்பானிய மந்திரிசபையே கவிழ்ந்தது. அதில் ஜஹரோபின் கை இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அவர் உயர்ந்த தொழிலின் காற்று எத்தகையது என்பதற்காகச் சொன்னேன்.

முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர், ஆங்கிலேயர், ருஷியர் ஆகிய மூவரும் ஏந்திய இயந்திரத் துப்பாக்கிகள் மாக்சிமின் மூளையில் பிறந்த உடன்பிறப்புக்களே. குண்டுகளில் பொருத்தும் வெடிமுனைக்கு ஜெர்மனியின் க்ரூப் கம்பெனியிடம் விக்கர்ஸ் போருக்கு முன்பே உரிமம் பெற்றிருந்தது. போர் முடிந்த பின் க்ரூப் அதற்கான பங்கைக் கேட்டது! ஜெர்மானியரைக் கொன்ற குண்டுக்கு ஜெர்மன் கம்பெனி கூலி கேட்டது. பேச்சு வார்த்தைக்குப் பின் விக்கர்ஸ் பணமும் கொடுத்தது. டில்லியில் இந்தியா கேட் வளைவில் செதுக்கியிருக்கும் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் காணும்போதெல்லாம் இந்தக் கணக்குப் புத்தகம் என் நினைவுக்கு வருகிறது.

கிரீசை நேச நாடுகளின் பக்கம் இழுக்க ஜஹரோப் பணத்தை அள்ளி வீசினார். நன்றிக் கடனாகப் பிரான்சு தன் உயரிய விருதையும், பிரிட்டன் 1918-லும் 1919-லும் இரு பெரும் பட்டங்களையும் கொடுத்தன. 1908 முதல் அவர் பிரெஞ்சுக் குடிமகன். ஆனாலும் உலகம் அவரை ஸர் பாஸில் என்றே அழைத்தது. பாரிஸ், லண்டன் பல்கலைக் கழகங்களில் விமானவியலுக்கும், ஆக்ஸ்போர்டில் பிரெஞ்சு இலக்கியத்துக்கும் அவர் பணத்தில் பேராசிரியர் பதவிகள் எழுந்தன. ஆக்ஸ்போர்டுப் பதவி போஷ் என்ற தளபதியின் பெயரைத் தாங்கியது. கல்விக்குக் கொடுத்த கொடை நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் கொடுத்தவரின் கைவரலாற்றைப் பற்றி அறிஞர் கூட்டம் பிறகு அதிகம் பேசாது என்பதும் அதனுடன் வரும் லாபம் அன்றோ?

இனி வருவதுதான் இவ்வரலாற்றில் என்னை மிகவும் கலக்கிய பகுதி. வாழ்நாள் முழுவதும் இரு பக்கமும் விற்ற மனிதர், முதுமையில் ஒரு பக்கம் சேர்ந்தார். சின்ன ஆசியாவில் கிரேக்கக் கொடி பறக்க வேண்டும் என்பது வெனிஜெலாஸ் என்ற கிரேக்கத் தலைவரின் கனவு. ஜஹரோபின் பணமும் அதற்குப் பாய்ந்தது. 1919 மே மாதம் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இறங்கியது. 1922-இல் முஸ்தபா கமாலின் படை அதை விரட்டியது. ஸ்மிர்னா எரிந்தது. 1923-இல் செய்த உடன்படிக்கைப்படி, சின்ன ஆசியாவின் கிரேக்கர் அனைவரும் கிரீசுக்கும், கிரீசிலிருந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் துருக்கிக்கும் மாற்றப்பட்டனர். ஏறத்தாழ 12 லட்சம் கிரேக்கர் வீடிழந்தனர். ஜஹரோப் பிறந்த முக்லாவும் அந்நிலப்பகுதியிலேயே இருக்கிறது. அவர் தொட்டிலில் கேட்ட மொழி அவ்வூர்த் தெருக்களில் இல்லாமற் போயிற்று. எத்தனையோ ஊர்களுக்குத் தாம் விற்ற சரக்கின் பலனை, சொந்த ஊரின் மூலம் அவர் கண்டார்.

அதன் பின்னும் அவர் ஏழையாகவில்லை. மாண்டிகார்லோ சூதாட்ட மாளிகையை நடத்திய கம்பெனி அவர் கைக்கு வந்தது. மனநோயாளியான கணவர் இறக்கும்வரை பல பத்தாண்டுகள் காத்திருந்த ஸ்பானியச் சீமாட்டியை 1924-இல் மணந்தார்; அந்த அம்மையார் 1926-இல் மறைந்தார். 1936 நவம்பர் 27-ஆம் நாள் மாண்டிகார்லோவில் தம் 87-ஆம் வயதில் ஜஹரோப் காலமானார். நாட்குறிப்புகளை முன்பே எரித்துவிட்டார் என்பர்.

அந்த ஆண்டுகளில்தான் உலகம் விழித்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்கியது. அமெரிக்க ஸெனட்டின் குழு ஒன்று 1934-இல், நீர்மூழ்கி செய்யும் அமெரிக்கக் கம்பெனியிடம் அவர் தரகு பெற்றதை அம்பலப்படுத்தியது. பிரிட்டனிலும் 1935-இல் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. ஆனால் அவர்மீது வழக்கு எதுவும் வரவில்லை. எந்தச் சட்டத்தின்கீழ் வரும்? கள்ளத்தனமாக விற்பவனைப் பிடிக்கலாம். அரசே வாங்கி, அரசே உரிமம் தந்து, அரசே பட்டமும் சூட்டும்போது குற்றம் என்ற சொல்லுக்கு இடமேது? ஆயுத வாணிகத்துக்கென ஓர் உலக உடன்படிக்கை ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறியதே 2013-இல்தான்.

மாசிக்காய் வழக்கை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. 87 ஆண்டு வாழ்ந்த அம்மனிதரைச் சட்டம் கூண்டில் ஏற்றியது, ஒரு வணிகரின் சில மூட்டைகளுக்காக. பிற்பாடு அவர் விற்ற எதற்கும் அது நிகழவில்லை.

தமிழ்நாட்டை விட்டு இங்கு வந்து படிக்கும் நம்மில் பலர் நாளை இயந்திரம் வரைவோம், ஒப்பந்தம் எழுதுவோம், கணக்குத் தணிக்கை செய்வோம். ஜஹரோப் தனி ஒருவராக எதையும் செய்துவிடவில்லை. துப்பாக்கி வரைந்தவர் பொறியியலர், ஒப்பந்தம் எழுதியவர் வழக்கறிஞர், கையெழுத்திட்டவர் அதிகாரி. எல்லோரும் பட்டம் பெற்றவர்கள். எல்லோரும் தத்தம் வேலையைத் திருத்தமாகச் செய்தவர்கள். சட்டம் தடுக்கவில்லை என்பதோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. இந்தச் சரக்கு யார் வாசலில் போய் இறங்கும் என்று ஒருமுறையேனும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்போமாக.