பாலக்காட்டுக் கணவாயில் நீராவிப் படகு: ஆர்தர் காட்டனின் நிறைவேறாத திட்டம்

புது தில்லி: நதிகள் இணைப்பு குறித்து விவாதம் எழும்போதெல்லாம் நினைவுகூரப்படும் பெயர்களில் ஒன்று சர் ஆர்தர் காட்டன். அணை கட்டிய பொறியாளர் என்றே பரவலாக அறியப்பட்ட அவர், தமது பிற்காலத்தில் வாதாடியதோ பெரும்பாலும் நீர்வழிப் போக்குவரத்துக்காக. அவர் வகுத்த வழிகளுள் ஒன்று, பொன்னானியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவையை எட்டுவது.

1803 மே 15-இல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821-இல் சென்னை மாகாணப் பொறியாளர் படையில் பணியாற்ற இந்தியா வந்தார். மறு ஆண்டே பாம்பன் கால்வாயை ஆய்வு செய்யும் பணி அவருக்குக் கிட்டியது. பின்னர் காவிரிப் பாசனத்தைக் கவனித்தபோது, மணற்படுகை மீது நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கும் கல்லணையின் நுட்பத்தைக் கற்றறிந்தார். அதன் பயனாக 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. 1847-இல் தவளேஸ்வரத்தில் தொடங்கிய கோதாவரி அணைக்கட்டு 1852-இல் நிறைவுற்றது. பஞ்சத்தால் நலிந்திருந்த கோதாவரிக் கழிமுகம் நெற்களஞ்சியமாயிற்று. 1861-இல் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

பாசனக் கால்வாயே சரக்குப் பாதையாகவும் விளங்க வேண்டும் என்பது காட்டனின் கொள்கை. நீராவிப் படகுகள் செல்லும் கால்வாய்களுக்கு ரயில் பாதைச் செலவில் எட்டில் ஒரு பங்கே ஆகும் என்று அவர் கணக்கிட்டார். பஞ்சக் காலத்தில் ரயில் தானியத்தைச் சுமந்து வரலாம். வயலுக்கு நீர் தர இயலாது. கால்வாய் இரண்டையும் செய்யும் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

1870-களில் அவர் முன்வைத்த திட்டம் ஏறத்தாழ 4,000 மைல் நீளமும் 3 கோடி பவுண்டு மதிப்பும் கொண்டது. கல்கத்தா - கராச்சி, காக்கிநாடா - சூரத், துங்கபத்திரை - கார்வார் ஆகியவற்றுடன் பொன்னானி - பாலக்காடு - கோவை வழியும் அதில் இடம்பெற்றது.

ஆனால், 1862-இலேயே சென்னை - பேப்பூர் ரயில் அக்கணவாயைக் கடந்துவிட்டது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கோவைக்குப் படகுகளை ஏற்ற அடுக்கடுக்கான மதகுகளும், கோடையிலும் வற்றாத நீரும் வேண்டும். மேல் கோதாவரியில் நீர்வழி அமைக்கும் பணியும் 1871-இல் கைவிடப்பட்டது. 1876-78 பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்த பின், 1878-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தெரிவுக் குழு முன் காட்டன் மீண்டும் வாதாடினார். அவரது நீர்வழித் திட்டம் ஏற்கப்படவில்லை. 1899 ஜூலை 24-இல் அவர் காலமானார்.

அவர் கப்பல்வழியாக்க எண்ணிய பாரதப்புழையின் கிளையாறுகளில் ஓடும் நீரே, பின்னாளில் தமிழகமும் கேரளமும் உடன்படிக்கை செய்து பங்கிட வேண்டிய பொருளாயிற்று. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. கோதாவரிக் கழிமுகக் கால்வாய்களோ 2008-இல் தேசிய நீர்வழி 4-இல் சேர்க்கப்பட்டன. 2024 டிசம்பரில் கென் - பெட்வா இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தென்னக நதிகளைப் பொறுத்தவரை, காட்டன் சந்திக்க நேராத ஒரு கேள்வி இன்று முதன்மை பெற்றுள்ளது. அவர் நாளில் பணம் தருவது யார் என்பதே தடையாக இருந்தது. இன்று நீர் தருவது யார் என்பதே தடை.