துபாசியைத் தவிர்த்த குருவானவர்
அண்டிரிக் அடிகளாரும் பாவசங்கீர்த்தனமும்

பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட்டு, நம் குற்றங்களைத் தாய்மொழியிலே சொல்லி எழுவதை நாம் சாதாரணமாகவே எண்ணுகிறோம். அவ்வாறு சொல்லத் தமிழில் வழியில்லாதிருந்த காலம் ஒன்றுண்டு. அக்குறையைத் தீர்க்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தவர், தமிழர் அண்டிரிக் அடிகளார் என்றழைக்கும் என்றீக்கே என்றீக்கஸ் சுவாமி.

போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் 1520ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர். அந்த வம்சத்தைக் காரணங்காட்டியே பிரான்சிஸ்கன் சபையார் அவரை வைத்துக்கொள்ளவில்லை. 1545இல் கொயிம்பிராவில் இயேசு சபை அவரை ஏற்றது. மறு ஆண்டு கோவாவில் வந்திறங்கியவர், 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றுச் சுமார் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அர்ச். பிரான்சிஸ் சவேரியார் அவர்களுக்குச் செபங்களைத் தமிழில் கற்பித்திருந்தார். விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்ற சொல் நுழைந்திருந்ததைக் கண்டு, அதைத் திருத்தியவரும் அவரே. ஒரு சொல் பிசகினால் விசுவாசமே வேறு பொருள்படும் அல்லவா?

செபத்திற்கே இந்த நிலையென்றால் பாவசங்கீர்த்தனத்தின் நிலை என்ன! குருவுக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கீசம் தெரியாது. இடையில் ஒரு துபாசி நின்றார். இதற்குத் திருச்சபையின் அனுமதி உண்டு. துபாசியும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. ஆயினும், நாள்தோறும் கடற்கரையில் முகம் பார்க்கும் ஒருவர் முன்னிலையில் தன் பாவத்தைத் திறந்து சொல்ல யாருக்குத்தான் துணிவு வரும்?

ஆகவே அடிகளார் தமிழ் கற்கத் துணிந்தார். அந்நியருக்குத் தமிழ் கற்பிக்கும் இலக்கண நூல் எதுவும் அந்நாளில் அவர் கைக்கு இல்லை. பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும் விதத்தையும் வினைச்சொற்கள் காலங்காட்டும் விதத்தையும் தாமே கேட்டறிந்து எழுதி வைத்தார். போர்த்துக்கீச மொழியில் அவர் எழுதிய அத்தமிழ் இலக்கணம் லிஸ்பனில் கையெழுத்துப் படியாக இன்றும் உள்ளது. நோயாளியான உடலோடு இதனைச் செய்து, துபாசியின்றியே மக்களுடன் உரையாடும் நிலையை அடைந்தார்.

1549இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி சுவாமி கொல்லப்பட்டபின், தலைமைப் பொறுப்பு அண்டிரிக் அடிகளார் மேல் விழுந்தது. 1560இல் போர்த்துக்கீசர் மன்னாரைக் கைப்பற்றிப் பரதவரிற் பலரை அங்கே குடியேற்றியபோது, அவரும் மன்னாருக்கு வந்து பணியாற்றினார்.

1578இல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சாகியது. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் இதுவே, பக்கங்கள் 16. 1579இல் கிரீசித்தியானி வணக்கம் கொச்சியில் வெளிவந்தது. அதற்கடுத்த 1580இல் வந்ததே பாவசங்கீர்த்தனத்துக்கு மக்களை ஆயத்தஞ்செய்யும் கைந்நூல். அதன் பெயர் கொம்பெசியனாயரு. பெயர் போர்த்துக்கீசம், உள்ளே இருப்பதோ தமிழ். 1586இல் அடியார் வரலாறும் அச்சேறியது. 1600இல் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்த அவரைத் தூத்துக்குடியில் அடக்கஞ்செய்தனர்.

அவர் நாளில் திருச்சபைச் சொற்கள் பல போர்த்துக்கீசமாகவே இருந்தன. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் காலந்தொட்டு வடமொழிச் சொற்கள் பெருகின. பச்சாத்தாபம் என்பது செய்தபின் உள்ளத்தைச் சுடும் வெப்பம். சங்கீர்த்தனம் என்பதற்கு எடுத்துச் சொல்லுதல், புகழ்ந்து கூறுதல் என்னும் இரு பொருளும் உண்டு. இலத்தீன் மொழியின் கொன்பெசியோ என்ற சொல்லும் இப்படித்தான்: பாவத்தை ஒப்புக்கொள்வதையும் இறைவனைப் போற்றுவதையும் ஒருசேரக் குறிக்கும். பாவத்தை அறிக்கையிடுகிறவன், மன்னிக்கிறவரின் இரக்கத்தையும் அறிக்கையிடுகிறான்.

சுவிசேஷத்தின் கிரேக்க மொழியில் மெத்தனோயா என்றால் மனம் மாறுதல். எபிரேயத் தீர்க்கதரிசிகள் வழங்கிய சூப் என்ற சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். நமது மனந்திரும்புதல் என்ற சொல்லில் மனமும் உண்டு, திரும்புதலும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழக்குக்கு வந்த ஒப்புரவு, திருக்குறளின் 22ஆம் அதிகாரமான ஒப்புரவறிதலின் பெயரில் உள்ள பழஞ்சொல். பிறரோடு இசைந்து, அவர்க்கு உதவி வாழ்வதை வள்ளுவர் அதனாற் குறித்தார். இறைவனோடு ஒப்புரவாகிறவன் அயலானோடு பகை வைத்திருக்க முடியாது என்பதை அச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது.

இச்சொற்கள் எல்லாம் இன்று நம் நாவில் இருக்கின்றன. நமக்கும் குருவானவருக்கும் இடையே துபாசி எவரும் இல்லை. அந்நிய நாட்டவர் ஒருவர் நம் மொழியைக் கற்றுத் திறந்துவைத்த இவ்வழியில், வெட்கத்தினாலோ சோம்பலினாலோ நாம் நடவாதிருந்தால் குறை மொழியினுடையதன்று. வரும் தபசு காலத்துக்குக் காத்திராமல், இந்த வாரமே குடும்பமாய் ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகுவோமாக.