நகராத ஒரு விசை: தமிழ் டைப்ரைட்டர் முத்தையாவும் உங்கள் கீபோர்டு ஷார்ட்கட்டும்

பாறசாலையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இஞ்சிவிளை. அதைத் தாண்டினால் களியக்காவிளை. கடைகளின் போர்டு மலையாளத்தில் இருந்து தமிழுக்கு மாறிவிடும். ரோட்டில் இந்த மாற்றம் தானாக நடக்கிறது. உங்கள் லேப்டாப்பில் அப்படி நடக்காது. அங்கே நீங்கள்தான் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும்: விண்டோஸ் + ஸ்பேஸ்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் இருந்துகொண்டு ஆபீஸுக்கு ஆங்கிலம், பஞ்சாயத்துக்கு மலையாளம், வீட்டுக்குத் தமிழ் என்று மூன்று மொழியில் டைப் செய்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு நாளில் பல தடவை மொழியை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மவுஸை நகர்த்தி, மூலையில் இருக்கும் மொழிப் பட்டனைத் தேடினால் என்ன ஆகும்? சலிப்பு வந்துவிடும். கடைசியில் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து அனுப்பிவிடுவோம். நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம்.

இருக்கிற விசைகளுக்குள் தமிழை எப்படிக் கொண்டுவருவது? இந்தக் கேள்வி நமக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. அவர் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு எழுத்தர்.

யார் இந்த முத்தையா?

ஆர். முத்தையா 1886-இல் யாழ்ப்பாணத்தின் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-இல், 21 வயதில், வேலை தேடி மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். பிறகு சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து தலைமை எழுத்தர் வரை உயர்ந்தார். 1930 வரை அங்கே வேலை பார்த்தார்.

அந்தக் கால ஆபீஸ்களில் கடிதங்களை ஆங்கில டைப்ரைட்டர் வேகமாக அடித்துத் தள்ளியது. தமிழுக்கு மட்டும் பேனாதான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் முத்தையா உட்கார்ந்தார்.

கணக்கு ஏன் இடித்தது?

கணக்கைப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. டைப்ரைட்டரில் இருப்பதோ சுமார் 45 விசைகள். ஷிஃப்ட்டோடு சேர்த்தால் 90 இடம். அதிலும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் ஒரு பங்கு போய்விடும்.

பல எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம். கா என்றால் க-வும் காலும். கொ என்றால் ஒற்றைக் கொம்பு, க, கால். இவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற துண்டுகள், அதனால் பிரச்னை இல்லை. ஆனால் புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் எழுத்தின் மேலேயே வந்து உட்கார வேண்டியவை. டைப்ரைட்டரோ ஒரு விசையை அடித்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும்.

முத்தையா இதற்குக் கண்ட வழிதான் நகரா விசை. புள்ளியை அடித்தால் தாளில் புள்ளி விழும். ஆனால் மெஷின் நகராது, அடுத்த எழுத்துக்காக அதே இடத்தில் காத்திருக்கும். இப்போது க-வை அடித்தால் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். க் தயார். 18 மெய்க்கும் தனித்தனி விசை தேவையில்லை. ஒரே ஒரு புள்ளி போதும்.

இந்த உத்தி உலகத்துக்குப் புதிதல்ல. எழுத்தின் மேல் குறி போடுகிற பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு அது ஏற்கெனவே பயன்பட்டது. அதைத் தமிழ் எழுத்தின் கணக்குக்குள் பொருத்தியதுதான் முத்தையாவின் வேலை. அதற்கு ஒரு விலையும் உண்டு. கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. மெஷினில் தலைகீழ். விரல்கள் புதுசாகப் பழக வேண்டியிருந்தது.

ஜெர்மனிக்கு எப்படிப் போனது?

மெஷினைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அண்ட் நௌமன் கம்பெனி. தையல் மெஷினும் சைக்கிளும் செய்த அதே கம்பெனிதான். கையில் தூக்கிப்போகிற சின்ன மாடலுக்கு பிஜோ என்று பெயர். பின்னால் வந்த தமிழ் டைப்ரைட்டர்களுக்கு முத்தையாவின் விசைப்பலகையே அடிப்படை ஆனது. தமிழ்நாட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் தமிழ் லோயர், ஹையர் பரீட்சைக்குத் தயாராகிறவர்களின் விரல்களில் இன்றும் அந்த மரபு இருக்கிறது.

சரி, இதுக்கும் ஷார்ட்கட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கன்ட்ரோல் விசையைத் தனியாக அழுத்திப் பாருங்கள். திரையில் எதுவும் வராது. கூடவே சி-யை அழுத்தினால் காப்பி, வி-யை அழுத்தினால் பேஸ்ட். ஆல்ட் + டேப் திறந்திருக்கிற விண்டோக்களுக்கு நடுவே தாவ, விண்டோஸ் + ஈ ஃபைல்களைத் திறக்க, விண்டோஸ் + எல் ஸ்கிரீனை லாக் செய்ய. ஒரு விசை தானாக நகராமல் நின்று, அடுத்த விசையின் அர்த்தத்தை மாற்றுகிறது. ஷார்ட்கட் முத்தையாவிடம் இருந்து வந்ததில்லை. ஆனால் இரண்டும் தீர்ப்பது ஒரே கணக்கைத்தான்: விசை குறைவு, வேலை அதிகம்.

ஷிஃப்ட்டை 5 தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேணுமா என்று விண்டோஸ் கேட்கும், ஞாபகம் இருக்கா? எரிச்சலோடு மூடியிருப்பீர்கள். அதை ஆன் செய்தால் கன்ட்ரோலை அழுத்தி, விட்டுவிட்டு, பிறகு சி-யை அழுத்தலாம். முதல் விசை காத்திருக்கும். ஒரு கையால் மட்டும் டைப் செய்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. வேலை செய்கிற விதம் அப்படியே நகரா விசைதான்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு போனஸ்

கேரளப் பள்ளியில் மலையாள டைப்பிங் கற்றவரா? அது இன்ஸ்கிரிப்ட் முறையாக இருந்தால் தமிழும் உங்களுக்குப் பாதி தெரியும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைக்கப்பட்ட முறை அது. கே விசை இரண்டு மொழியிலும் க. டி விசை அங்கே சந்திரக்கலை, இங்கே புள்ளி. ஷிஃப்ட் + டி, சி, டி, சி, ஈ என்று அடித்தால் தமிழில் அம்மா. மலையாளத்தில் கடைசி ஈ மட்டும் வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழை ஒரு தடவை சேர்த்துவிட்டால், அதன்பிறகு விண்டோஸ் + ஸ்பேஸ் போதும். லினக்ஸில் பெரும்பாலும் இதே கூட்டணிதான். மேக்கில் கன்ட்ரோல் + ஸ்பேஸ்.

இது வெறும் வேக விஷயம் இல்லை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம். ஆனால் சட்டம் உங்களுக்காக மனுவை டைப் செய்து தராது.

முத்தையா காலத்தில் தமிழ் மெஷின் வேண்டுமென்றால் ஜெர்மனி வரை போக வேண்டியிருந்தது. உங்கள் மெஷினில் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த மனுவையோ, அம்மாவுக்கு அனுப்புகிற மெசேஜையோ தொடங்கும்போது மவுஸை விட்டுவிட்டு அந்த இரண்டு விசைகளை அழுத்திப் பாருங்கள்.