சிறைக்கு அஞ்சாத தம்பி நாயுடு

கையில் பதிவுச் சீட்டு இல்லாதவன் ஊரில் இருக்கவே கூடாது என்று சட்டம் வந்தால் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1907-ல் இந்தியர்களுக்கு அந்த நிலைதான் ஏற்பட்டது. பத்து விரல் ரேகையும் வைத்துச் சீட்டு வாங்க வேண்டும். போலீஸ்காரர் கேட்ட இடத்தில் காட்ட வேண்டும். தவறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல்.

அதை எதிர்த்து முன்வரிசையில் நின்றவர் தம்பி நாயுடு. சென்னை ராஜதானியிலிருந்து மொரீஷியஸ் சென்ற பெற்றோருக்கு 1875-ல் அங்கே பிறந்தவர். சிறு வயதிலேயே தென்னாப்பிரிக்கா வந்து, பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் வியாபாரம் செய்தார். பள்ளிப் படிப்பு கிடையாது. ஆனால் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, ஆங்கிலம் நான்கும் பேசுவார்.

சீட்டு எடுக்க மறுத்து, காந்திஜியோடு கோர்ட்டில் நின்று, 1908 ஜனவரியில் சிறை சென்றார். பிறகு சமரசம் ஏற்பட்டது. விரும்பியவர்கள் தாமாகப் பதிந்து கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பிப்ரவரி 10-ந் தேதி பதியச் சென்ற காந்திஜியை, சமரசத்தை ஏற்காத இந்தியர் சிலரே தடியால் தாக்கினர். குறுக்கே புகுந்து அடி வாங்கியவர் தம்பி நாயுடு. சர்க்காரோ சட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆகஸ்ட் 16-ந் தேதி ஜோகன்னஸ்பர்க் மசூதி வளாகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் எரிக்கப்பட்டன. பத்து முறைக்கு மேல் சிறை சென்றவருக்கு வியாபாரம் எங்கே நிற்கும்?

நேட்டாலில் வேறொரு கொடுமை. ஒப்பந்தக் கூலியாக வந்தவர், ஒப்பந்தம் முடிந்தபின் சுதந்திரமாக வாழ விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி. கட்ட வழியில்லாதவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் விழுந்தார். வியாபாரியான நாயுடுவை இந்த வரி தொடவே இல்லை. ஆயினும் 1913-ல் தமிழ்ப் பெண்கள் குழுவோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரைத் திரட்டினார். பெண்களில் சிலர் கைக்குழந்தைகளுடன் வந்தனர். அவர் மனைவி வீரம்மாளும் அதில் ஒருவர். பெண்களுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. ஆனால் வேலைநிறுத்தம் நேட்டால் எங்கும் பரவியது. 1914-ல் வரி ஒழிந்தது. இந்திய முறைத் திருமணங்களையும் சட்டம் ஏற்றது.

அந்த ஆண்டே காந்திஜி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். நாயுடு அங்கேயே தங்கினார். மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடையும், டிரான்ஸ்வாலில் நிலம் வாங்கத் தடையும் இன்னும் நீங்கவில்லை அல்லவா? 1933-ல் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் காலமானார். பின்னாளில் அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு, நிறவெறி ஆட்சியை எதிர்த்து ராபன் தீவுச் சிறையில் 10 ஆண்டுகள் இருந்தார்.

பிழைக்கப் போன ஊரில் தமக்கு மட்டும் இடம் தேடாமல், கூலிக்காரருக்கும் சேர்த்து இடம் கேட்டவர் தம்பி நாயுடு. வெளிமாநிலத்தில் பிழைக்கும் நாம் அவர் பெயரை நினைவில் வைப்பது நல்லது.