மூலக்கூறுக்கு உருவம் கண்ட இளைஞர்

கண்ணுக்குப் புலப்படாத பொருளின் வடிவத்தைக் கருத்தினாற் கண்டு கூறுதல் எளிதன்று. அவ்வாறு கண்டவர் ஒல்லாந்து தேசத்து இரசாயன அறிஞர் வான்ற் ஹொவ் ஆவார்.

இவர் 1852ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி ரொட்டர்டாம் நகரில் வைத்தியர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். ஜேர்மனியிலும் பாரிசிலும் இரசாயனம் பயின்றார். அக்காலத்தில் மூலக்கூறுகளைத் தாளில் தட்டையாகவே வரைந்தனர். ஆயின், புளித்த பாலிலும் இறைச்சியிலும் கிடைக்கும் அமிலங்கள் இரண்டும் ஒரே அணுக்கள் ஒரே ஒழுங்கிற் பிணைந்தவையே. அவ்வாறிருந்தும், இறைச்சியமிலம் முனைவாக்கிய ஒளியின் தளத்தைத் திருப்பியது, பாலமிலம் திருப்பவில்லை. தட்டைப் படத்தால் இதற்கு விடை கூற இயலவில்லை.

1874ஆம் ஆண்டில், 22 வயது நிரம்பிய வான்ற் ஹொவ் சிறு பிரசுரமொன்றை வெளியிட்டார். காபன் அணு நான்முகியொன்றின் நடுவில் இருக்க, அதன் பிணைப்புகள் நான்கு மூலைகளையும் நோக்கி நிற்கின்றன என்றார். நான்கிலும் வெவ்வேறு அணுக்கூட்டங்கள் அமையின், வலக்கையும் இடக்கையும் போல இரு உருவங்கள் தோன்றும். பாலமிலத்தில் அவ்விரண்டும் சமமாகக் கலந்திருந்தமையால் ஒன்றின் செயலை மற்றது அழித்தது. பிரான்சிய அறிஞர் லெ பெல்லும் அதே ஆண்டில் தனித்து இம்முடிபுக்கு வந்தார். வான்ற் ஹொவ் கடதாசி மட்டையால் நான்முகிகள் செய்து அறிஞர் சிலர்க்கு அனுப்பினார்.

1877இல் லைப்சிக் பேராசிரியர் கொல்பே, ஊட்ரெக்ற் மிருகவைத்தியக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இவரை வீண் கற்பனை செய்பவரென இகழ்ந்தெழுதினார். மறு ஆண்டு அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானபோது, விஞ்ஞானத்திற் கற்பனைக்குள்ள இடத்தையே இவர் தம் பேருரைக்குப் பொருளாக்கினார். இதனினும் பண்பான விடை வேறுண்டோ?

அலீன் எனப்படும் சேர்வை வகையிற் சிலவும் இரு கைகளைப்போல் இரு உருவங் கொள்ளுமென 1875இல் இவர் முன்னுரைத்தார். அப்போது அதனை எவரும் கண்டிலர். 60 ஆண்டுகள் கழித்து, 1935இல், ஆய்வுகூடம் அதனை மெய்ப்பித்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசை 1901இற் பெற்ற அவர், 1911 மார்ச் 1ஆந் திகதி பேர்லினுக்கு அருகிற் காலமானார். அப்பரிசும் கரைசல்களின் அமுக்கம், இரசாயனத் தாக்கங்களின் விதிகள் என்பவை பற்றிய பிற்பணிக்கே கிடைத்தது.

மருந்து மூலக்கூறுகளின் வல இட வேறுபாட்டை ஆராயும் இன்றைய அறிஞரும் அவர் இட்ட வழியிலேயே செல்கின்றனர். இளைஞர்காள், துணிந்து சிந்திப்போம்; சிந்தித்ததைச் சோதனைக்கு உட்படுத்தவும் அஞ்சாதிருப்போம். பெரியோரும், சொல்பவரின் வயதையும் பதவியையும் நோக்காது, சொல்லின் மெய்ம்மையை நோக்குவாராக.